மூன்றாம் நபரின் சம்மதம்

இரகசியங்களுக்கு ஒழுங்காக எண் போட்டு அடுக்கி வைக்கும் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு இராணுவ உளவுப் பிரிவுக்கு ஒரு பதிவறை. பதிவறையில் ஓர் இரும்பு அலமாரி. அலமாரியின் மூன்றாவது தட்டில் ஒரு கோப்பு, முப்பத்தோரு வருடமாக நாடாவால் கட்டப்பட்டுக் கிடந்தது.

கோப்புக்குள் இருந்த விஷயம் இவ்வளவுதான். புன்னைத்துறை என்ற கடற்கரை ஊரில் கஸ்பார் என்று ஒரு மீனவன். ஒருநாள் ஜீப்பில் வந்த கேப்டன் ஒருவர் அவன் வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடித்தார். பிறகு அவனைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார். எந்தப் படகு எந்நேரம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொன்னால் போதும், நாட்டுக்குப் பெரிய சேவை, பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக் கூடாது என்றார். ஒரு பைனாகுலரைக் கொடுத்து மூன்று பிரதிகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒன்பது மாதம் கஸ்பார் பார்த்தான், சொன்னான். பத்தாவது மாதம் அவனை எல்லை தாண்டிப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். போனான். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை.

உளவுப் பிரிவு கோப்பின் கடைசிப் பக்கத்தில் "தொடர்பு நிறைவுற்றது" என்று அழகான கையெழுத்தில் எழுதி, கோப்பைக் கட்டி வைத்தது. அவன் மனைவி திரேசம்மாளுக்கு ஒரு வரி எழுதிப் போடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் எப்படி எழுதுவது, இரகசியம் ஆயிற்றே.

ஊருக்கு அந்தக் கவலை இல்லை. தனியாகக் கடலுக்குப் போனான், கையில் பைனாகுலர் வைத்திருந்தான், ஆகவே அக்கரைக்காரனுக்கு ஆள்காட்டி வேலை பார்த்துவிட்டு அவனோடு ஓடிப்போய்விட்டான் என்று ஒரே வாரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் புன்னைத்துறைக் கோவிலில் கடல் எடுத்தவர்களின் பெயர்களை உபதேசியார் உரக்க வாசிப்பார். அதில் கஸ்பார் பெயர் வராது. திரேசம்மாள் முப்பது வருடம் கடைசி வரிசையில் நின்று அந்தப் பட்டியலைக் கேட்டாள். ஊர்க் கமிட்டித் தலைவர் சலேத்திடம் கேட்டால், "காயிதம் ஏதும் இருந்தா கொண்டா மதினி, சேத்துப்புடலாம்" என்பார். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு காகிதம்தான்.

இப்படியிருக்கையில் அந்த நாட்டு அரசாங்கத்துக்குத் திடீரென்று வெளிப்படைத்தன்மை பிடித்துக்கொண்டது. முப்பது வருடம் தாண்டிய ஆள்சேர்ப்புக் கோப்புகளின் இரகசியம் நீக்கப்படுகிறது, குடிமக்கள் மனுப் போட்டுப் பார்க்கலாம் என்று அமைச்சர் மேடையில் அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. அந்தத் திட்டத்துக்காக அலுவலகம் புதிதாக வாங்கிய ஒரே சாமான் கறுப்புப் பேனா. அதுவும் பெட்டி பெட்டியாக.

திரேசம்மாளின் மனு பத்து ரூபாய்க் கட்டண வில்லையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு தகவல் அலுவலர் உலகநாதனின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அலமாரியிலிருந்து கோப்பையும் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்கள். மேசையில் ஏற்கெனவே முத்திரை உட்கார்ந்திருந்தது. அந்த அறையில் அதுதான் மூத்தது.

"ஐயா, நான் ஒரே ஒரு பெயரைத்தான் கேட்டு வந்திருக்கிறேன்" என்றது மனு. "உள்ளே இருக்கிறதா இல்லையா, அதைச் சொன்னால் போதும்."

கோப்பிடம் முப்பத்தோரு வருடத்தில் யாரும் பேச்சுக் கொடுத்ததில்லை. ஆசையாக வாயைத் திறந்தது. "இருக்கிறதே. பதினோரு இடத்தில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் மூன்று."

"வாயை மூடு" என்றது முத்திரை.

"என் இரகசியத்தைத்தான் நீக்கிவிட்டார்களே."

"நீக்கியது நீக்கியதுதான். அதற்காக எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போவதா?" முத்திரை கறுப்புப் பேனாவைக் கூப்பிட்டது. "தம்பி, வா. வெளிப்படைத்தன்மையைத் தொடங்கு."

பேனா மூடியைக் கழற்றிவிட்டு இறங்கியது. கோப்பு நெளிந்தது. "இது ஓர் ஏழையின் பெயரப்பா. இதை மறைத்து நாட்டை யாரிடமிருந்து காப்பாற்றப் போகிறாய்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் படிப்பதில்லை, அடிப்பதோடு சரி" என்றது பேனா. அது பெருமையாகத்தான் சொன்னது.

வேலை முடிந்தபோது நாற்பத்திரண்டு பக்கத்தில் மிஞ்சியவை பக்க எண்கள், "மற்றும்", "ஆகவே", பிறகு முதல் பக்கத்தில் "காப்பி நன்றாக இருந்தது" என்ற கேப்டனின் குறிப்பு. நாட்டுக்கு ஆபத்தில்லாத தகவல் என்று அதை மட்டும் விட்டுவைத்தார்கள். அதன் நகல் திரேசம்மாளுக்குத் தபாலில் போனது. கூடவே ஒரு பதில் கடிதம்: "தாங்கள் கோரிய பெயர், வெளியிடப்பட்ட பகுதிகளில் எங்கும் காணப்படவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது."

திரேசம்மாள் அந்தக் கட்டோடு இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"பேரு இல்லன்னு எழுதியிருக்கிய."

"இல்லைன்னு நான் எங்கம்மா எழுதினேன்?" என்றார் உலகநாதன். அவர் கெட்டவர் இல்லை. பென்ஷனுக்கு இரண்டு வருடம் இருந்தவர். "வெளியிட்ட பகுதியில இல்லைன்னுதான் எழுதியிருக்கேன். நல்லாப் படிச்சுப் பாருங்க."

"அப்ப இந்தக் கறுப்புக்குக் கீழ என்ன இருக்கு?"

"அது தேசப் பாதுகாப்பு."

"ஐயா, அந்த கேப்டனுக்குக் காப்பி போட்டுக் குடுத்தது நான். அது நல்லா இருந்துச்சுன்னு போட்டிருக்கிய. குடிச்சது யாரு வீட்டுல, அந்த வீட்டு ஆம்பள எங்க, அத மட்டும் அழிச்சிருக்கிய. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். செத்தவங்க பேரோட அவிய பேரையும் வாசிக்கணும். அதுக்கு ஒரு காயிதம்."

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்துக்கு அந்த அலுவலகத்தில் படிவம் கிடையாது. "அப்பீல் போடுங்கம்மா" என்றார்.

அப்பீல் வந்தது. கோப்பு மறுபடி மேசைக்கு வந்தது. முத்திரையும் பேனாவும் அதைப் பார்த்துச் சிரித்தன. "இன்னொரு தடவை அடிக்கவா அண்ணே?" என்றது பேனா. "எங்கே அடிப்பாய், வெள்ளையாக இடம் இருந்தால்தானே" என்றது முத்திரை.

அப்போது மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு படிவம் வெளியே வந்தது. மெலிந்த படிவம். அது சிரித்து யாரும் பார்த்ததில்லை. "குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் மூன்றாம் நபர் அறிவிப்பு. ஒருவரைப் பற்றி இன்னொருவர் அப்பீலில் தகவல் கேட்டால், சம்பந்தப்பட்டவருக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. விதி."

உலகநாதனுக்கு வியர்த்தது. போன வருடம் இந்தப் படிவத்தை அனுப்ப மறந்ததற்காக அவருக்கு ஒரு மெமோ வந்திருந்தது. உடனே எடுத்து எதிரே வைத்துக்கொண்டார்.

"அட, அந்த மனுஷன் செத்து முப்பத்தோரு வருடம் ஆகிறது" என்றது கோப்பு.

"அப்படி உனக்குள் குறிப்பு இருக்கிறதா?" என்று கேட்டது படிவம்.

கோப்பு தன்னைத்தானே புரட்டிப் பார்த்தது. "இல்லை. தொடர்பு நிறைவுற்றது என்றுதான் இருக்கிறது."

"அப்படியானால் உயிரோடு இருக்கிறார். பெயர், தகப்பன் பெயர், முகவரி சொல்."

கோப்பு கறுப்பு மைக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னது. முப்பத்தோரு வருடம் வயிற்றில் வைத்திருந்த பெயர் அது. படிவம் நிரம்ப நிரம்ப, கறுப்புப் பேனாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"பெயரை எழுதுகிறார்கள் அண்ணே. நான் அடிக்கிறேன்."

"பெயரை அடித்தால் தபால்காரர் யாரிடம் கொடுப்பார்?" என்றது படிவம்.

"சரி, விஷயத்தையாவது அடிக்கிறேன்."

"எந்த விஷயம் என்றே தெரியாமல் ஒரு மனிதர் அதற்கு எப்படி ஆட்சேபணை சொல்வார்? அவருடைய உரிமையை நீயும் நானும் பறிக்கலாமா?"

பேனா முத்திரையைப் பார்த்தது. முத்திரை நெடுநேரம் யோசித்தது. இரகசியம் பெரிதுதான். ஆனால் நடைமுறை அதைவிடப் பெரிது. இரகசியமே ஒரு நடைமுறைதானே. "நடைமுறை என்றால் நடைமுறை" என்று சொல்லிவிட்டு, மையில் தோய்ந்து எழுந்து படிவத்தின் அடியில் கம்பீரமாக உட்கார்ந்தது. உலகநாதன் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் சேர்க்கச் சொன்னார். இந்தத் தடவை மெமோ வராது என்று அவருக்கு நிம்மதி.

நான்காம் நாள் புன்னைத்துறை வடக்குத் தெருவில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். ஊருக்குப் புதிதாக மாறி வந்தவர். நல்ல கணீர்க் குரல்.

"கஸ்பார், தகப்பன் பேரு மிக்கேல். சாருக்கு ரெஜிஸ்டர் தபால்."

தெரு முழுக்கக் கேட்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். திரேசம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அவருதான் கையெழுத்துப் போடணும். வீட்ல இருக்காரா?"

"இல்ல."

"எப்ப வருவாரு?"

"அதத்தான் முப்பத்தோரு வருசமா நானும் கேக்கேன்."

தபால்காரருக்கு என்ன புரிந்ததோ, பேனாவை அவளிடமே நீட்டினார். அவள் வாசலிலேயே பிரித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனாலும் படித்தாள்.

"தாங்கள் இப்பிரிவில் தகவலாளராகச் சேர்க்கப்பட்டது, பணியின் நிமித்தம் எல்லை தாண்டிக் கடலுக்கு அனுப்பப்பட்டது, அதன்பின் திரும்பாதது ஆகிய விவரங்களைத் திரேசம்மாள் என்பவருக்கு வழங்குவதில் தங்களுக்கு ஆட்சேபணை ஏதும் உண்டா என்பதைப் பத்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்."

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நேராகச் சலேத் வீட்டுக்குப் போய், காகிதத்தை அவர் மடியில் வைத்தாள்.

சலேத் இரண்டு தடவை படித்தார். நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகம் இல்லை. "நாங்க என்னெல்லாமோ பேசிட்டோம் மதினி."

"பேசுனிய. இப்ப வாசிங்க."

அந்த வருடம் கல்லறைத் திருநாளன்று உபதேசியார் மற்றப் பெயர்களோடு கஸ்பார் பெயரையும் வாசித்தார். திரேசம்மாள் அன்று முதல் வரிசையில் நின்றாள். அன்றைக்கு அவளைப் பின்னால் போய் நிற்கச் சொல்லும் தைரியம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

உளவுப் பிரிவில் பத்து நாள் கெடு எப்போதோ முடிந்திருந்தது. உலகநாதன் கோப்பைத் திறந்து, வெள்ளையாக மிஞ்சியிருந்த ஓர் ஓரத்தில் தெளிவாகக் குறிப்பு எழுதினார்:

"மூன்றாம் நபரிடமிருந்து இதுவரை பதில் இல்லை. அவருக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பவும்."