சிப்பிக் கதவும் ஓலைச் சல்லடையும்

அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஒரு தாய் நண்டு மண்ணை உருண்டை உருண்டையாக உருட்டி வளைக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. போன பௌர்ணமிக்கு வந்த வெள்ளம் வளைக்குள் மணலை அடைத்துவிட்டது. மூன்று குஞ்சுகளும் மூச்சுமுட்டி, சாகிற நிலைக்குப் போய்ப் பிழைத்தன. இன்று மறுபடியும் பௌர்ணமி. பொழுது சாய்ந்தால் வெள்ளம் ஏறும்.

நண்டிடம் ஒரே ஒரு சிப்பி இருந்தது. நல்ல தடிமன். உள்பக்கம் பளபளவென்று இருக்கும். கரையிலிருந்து அதை இழுத்துவர நாலு நாள் ஆயிற்று. அதை வட்டமாக வெட்டி, நடுவில் துவாரம் போட்டு, ஓர் ஓலைத் துண்டில் பொடித்துளைகள் போட்டுச் சல்லடையாக அதன்மேல் ஒட்டினால் கதவு தயார். மணல் வராது, மூச்சு வரும். ஆனால் சிப்பியை வெட்டக் கொடுக்குக்குப் பலம் ஏது?

அந்தக் காட்டில் வெட்டுவேலை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பொன்வண்டு. அலை ஒதுக்கிய கோலிக்குண்டு ஒன்றை வேர்மேல் வைத்து, வெயிலை ஊசிபோல் குவித்து, சுட்டே அறுக்கும். இன்னொருவர் துப்பாணி மீன். தண்ணீரோடு பொடிமணலை வாயில் சேர்த்து, மெல்லிசாகப் பீய்ச்சி, அரித்தே அறுக்கும்.

"யாருகிட்ட போகட்டும் அக்கா?" என்று பக்கத்து நத்தையைக் கேட்டது நண்டு.

"பொன்வண்டுகிட்ட போ. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிச்சிரும். துப்பாணி வேலை என் நடை மாதிரி," என்றது நத்தை. வேடிக்கை பார்க்கக் கூடவே கிளம்பியது.

நண்டுக்குக் கூச்சம் அதிகம். சிப்பி சூடு தாங்குமா என்று கேட்க நினைத்தது. ஆனால் கேட்கவில்லை. சிப்பியைப் பொன்வண்டின் முன்னால் வைத்தது.

"இவ்வளவுதானா நண்டம்மா? நேத்து நூறு இலையில பூ வெட்டினேன். துப்பாணி வாய் கொப்பளிக்கிறதுக்குள்ள நான் பத்து வேலை முடிப்பேன்," என்றது பொன்வண்டு.

வெயில் ஊசி சிப்பியின் பளபளப்பில் பட்டது. பட்டதும் திரும்பிப் போய் நத்தையின் கொம்பைச் சுட்டது.

"அடி ஆத்தி, என் கொம்பு!" நத்தை ஓட்டுக்குள் போய்விட்டது.

பொன்வண்டு சிப்பியைப் புரட்டிப் போட்டது. இப்போது வெயில் பிடித்தது. புகை வந்தது. சுட்ட இடம் சுண்ணாம்பாக வெளுத்தது. பட்டென்று ஒரு சத்தம். சிப்பியின் ஒரு மூலை உடைந்து சேற்றில் விழுந்தது.

"கொஞ்சம் தடிமன் ஜாஸ்தி. இன்னும் ரெண்டு சூடு போட்டா..."

நண்டு சிப்பியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "போதும் அண்ணே," என்றது. அது யாரிடமாவது போதும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

உடைந்த மூலையையும் சல்லடைக்கு வைத்திருந்த ஓலைத் துண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு துப்பாணியிடம் போனது.

"அண்ணே, முதல்ல இந்த உடைஞ்ச துண்டுல வெட்டிக் காட்டுங்க."

"என்மேல சந்தேகமா தங்கச்சி?"

"சந்தேகம் இல்ல. இருக்கிறது ஒரே சிப்பி."

துப்பாணி சிரித்தது. "வண்டு சுட்டதா? நல்லவேளை, அந்த வண்டை நான் இன்னும் விழுங்கல. என் வயித்தையும் சுட்டிருக்கும்."

துண்டு சுத்தமாக அறுந்தது. அப்புறம்தான் நண்டு சிப்பியைக் கொடுத்தது. வட்டமும் நடுத்துவாரமும் வெட்டுகிற வேலை மெதுவாகத்தான் நடந்தது. சூரியன் இரண்டு கிளை இறங்கிவிட்டது. ஆனால் வெட்டிய ஓரம் தொட்டால் சில்லென்று இருந்தது. ஒரு விரிசல் இல்லை. மூலை போனதால் வட்டம் சிறுத்துவிட்டது. வளையின் வாயை மூடுகிற அளவுக்கு மட்டும் இருந்தது.

"அந்த ஓலையையும் கொடு. அரை வாய்த் தண்ணி போதும்," என்றது துப்பாணி.

"முதல்ல ஓரத்துல மட்டும் அண்ணே."

ஓரத்தில் பீய்ச்சியது. ஓலை நார் நாராகப் பிய்ந்தது. துப்பாணி வாயை மூடிக்கொண்டது.

நண்டு ஓலையோடு பொன்வண்டிடம் பக்கவாட்டில் ஓட்டமாக ஓடியது. பொன்வண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இப்ப மட்டும் நான் வேணுமா?"

"சிப்பிக்குத்தான் நீங்க வேண்டாம். ஓலைக்கு உங்களை விட்டா ஆள் இல்ல. வெயில் இறங்குது அண்ணே."

பொன்வண்டு கோலிக்குண்டைத் திருப்பியது. முதலில் ஓலையின் ஓரத்தில் ஒரு துளை. சூட்டில் அதன் விளிம்பு இறுகி, நார் பிரியாமல் நின்றது. நண்டு தலையாட்டியது. அடுத்த மூச்சுக்குள் இருபது துளை. கடைசித் துளை விழுந்ததும் வெயில் மறைந்தது.

நண்டு களிமண் வைத்துச் சல்லடையைச் சிப்பியில் ஒட்டி, குஞ்சுகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது. வெள்ளம் வந்தது. மணல் கதவில் உரசி உரசிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. விடிந்தபோது மூன்று குஞ்சுகளும் பசி என்று கத்தின.

சூடுபட்ட கொம்போடு நத்தை வந்தது. "ஏண்டி, கடைசியில அந்த ரெண்டு பேர்ல யாருதான் பெரிய ஆளு?"

நண்டு மண் உருட்டிக்கொண்டே சொன்னது: "அதைக் கேட்டுத்தானே அக்கா ஒரு மூலையைத் தொலைச்சேன்? யாரு பெரிய ஆளுன்னு கேக்கிறதுக்கு முன்னாடி, நம்ம கையில இருக்கிற பொருள் எதைத் தாங்கும்னு கூச்சப்படாம கேட்டுரணும், அதுக்கு அப்புறம்தான்..."

"அம்மா, தம்பி சல்லடைக்குள்ள காலை விட்டுட்டான்!"