புறமுதுகுச் சங்கம் பிறந்த கதை

கருங்கல் மலைக் காட்டில் மானும் கீரியும் பன்றியும் சேர்ந்து ஒரு ரகசியச் சங்கம் வைத்திருந்தன. அதற்குப் புறமுதுகுச் சங்கம் என்று பெயர். ரகசியம் என்பது பேச்சுக்குத்தான். காட்டில் அதைப் பற்றிப் பேசாத வாயே கிடையாது.

சங்கத்தில் மொத்தம் பன்னிரண்டு பேர். தலைவர் ஒரு கிழட்டுக் காட்டுப்பன்றி. அவரைச் சேற்றடிகள் என்று அழைப்பார்கள். மலையடிவாரத்துக் குகைக்குள் கோடையிலும் வற்றாத சுனை ஒன்று இருந்தது. அதன் தண்ணீர் சங்கத்தாருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும்தான். உள்ளே போகவும் ஒரு முறை உண்டு. வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வால் முதலில் தலை கடைசியில் என்று பின்பக்கமாகவே போக வேண்டும். ஒருவர் போய் முடிக்கும்வரை மற்றவர்கள் வெளியே வரிசையாகக் கண்ணை மூடி நிற்க வேண்டும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குட்டைகள் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. நெடுஞ்செவியன் என்ற முயலுக்கு மூன்று குட்டிகள். மூன்றும் நாக்கு வறண்டு சுருண்டு கிடப்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது.

"ஏங்க, அந்தச் சங்கத்துல போய்ச் சேந்துடுங்க. பின்னால நடந்தா என்ன, தலைகீழா நடந்தா என்ன? புள்ளைங்களுக்குத் தண்ணி வேணும்" என்றாள் அவன் மனைவி பூங்காலி.

நெடுஞ்செவியன் சேற்றடிகளைப் போய்ப் பார்த்தான். காடே ஒரு வாய்த் தண்ணீருக்குத் தவிக்கும்போது, அவர் சுனைத் தண்ணீர் விட்டுக் குழைத்த சேற்றில் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தார். சேருவதற்கு முன்னால் சங்கத்தின் வரலாற்றைக் கேட்டாக வேண்டும் என்றார். கேட்டுத் தொலைத்தான்.

ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஆதிகுரு இறங்கினாராம். உலகம் வெறும் பொய் என்று தெரிந்து, அதைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாராம். அப்படியே பின்பக்கமாக நடந்து குகைக்குள் போனாராம். அவருடைய வால் பட்ட இடத்தில் சுனை பீறிட்டதாம். அந்த ஆதிகுரு ஒரு வெள்ளைப் பன்றி என்று சேற்றடிகள் முடித்தார்.

பக்கத்தில் நின்ற புள்ளிமான் இருமியது. ஆதிகுரு ஒரு மான் என்பது அதன் கட்சி. அவர் கீரிதான் என்று கீரி தலையில் அடித்துச் சத்தியம் செய்தது. சண்டை வெகுநேரம் நடந்தது. அவரவர் பிடித்த முயலுக்கு மூன்று கால். நிஜ முயலோ நாலு காலையும் மடக்கிக்கொண்டு, நடுவில் தாகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

சண்டை ஓய்ந்ததும், பின்பக்கமாகத்தான் போக வேண்டும் என்று எதற்காக வைத்தார்கள் என்று பணிவாகக் கேட்டான்.

"எதுக்குன்னு கேக்கறவனுக்கு எதுவுமே விளங்காது" என்றார் சேற்றடிகள்.

எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். எதற்கு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் தன் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்று தலைமுறை தலைமுறையாக ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை நெடுஞ்செவியனுக்குத் தீட்சை. பன்னிரண்டு பேரும் குகையைப் பார்த்து வரிசையாக நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். அவன் குகைக்கு முதுகைக் காட்டி நின்று, ஓர் அடி பின்னால் வைத்தான். கண்ணை மூடத்தான் பார்த்தான். முடியவில்லை. தூங்கும்போதுகூடக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் குலத்தில் பிறந்தவன் பாவம், அவன் என்ன செய்வான்? மூடிய கண் தானாகத் திறந்துகொண்டது.

வாசலுக்குள் வால் நுழைந்ததும் அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் சரிவு, ஒற்றையடிப் பாதை, புதர் எல்லாம் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தன. ஓர் ஈ எறும்புகூடத் தெரியாமல் வர முடியாது. பின்பக்கமாகப் போகச் சொன்னதே கண்ணைத் திறந்து பார்க்கத்தான்!

உண்மையில் நடந்ததும் அதுதான். ஏழாயிரமும் இல்லை, மேகமும் இல்லை. ஏழெட்டுத் தலைமுறைக்கு முன்னால், சிறுத்தைக்குப் பயந்த ஏதோ ஒரு பிராணி வாசலைக் கவனித்தபடியே பின்வாங்கிப் போய்த் தண்ணீர் குடித்தது. அதைப் பார்த்து மற்றவையும் அப்படியே போயின. ஒருநாள் ஒன்றின் கண்ணில் தூசி விழுந்தது. அது கண்ணை மூடிக்கொண்டு போனது. பின்னால் நின்றவை அதைப் பக்தி என்று நினைத்துவிட்டன. சங்கத்தின் சரித்திரம் அவ்வளவுதான்.

நெடுஞ்செவியனுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் வரிசைக்குப் பின்னால் காய்ந்த புல் அசைந்தது. புல்லுக்குள் புள்ளி போட்ட மஞ்சள் தோல் தெரிந்தது. பன்னிரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நிற்கும் ரகசியம் சிறுத்தையின் காதுக்கும் எட்டியிருந்தது.

இன்னும் இரண்டே அடி வைத்தால் அவன் உறுப்பினன். குட்டிகளுக்குத் தண்ணீர் உண்டு. வாயைத் திறந்தால் தண்ணீர் போச்சு, திறக்காவிட்டால் இவர்கள் கதை முடிந்தது. சேற்றில் புரண்ட கிழவர் போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காக மறுகணமே வெட்கப்பட்டான்.

"சிறுத்தை!" என்று கத்தினான்.

ஒரு கண்ணும் திறக்கவில்லை.

"வாயைத் தொறந்துட்டான். தீட்சை கெட்டுப்போச்சு" என்றார் சேற்றடிகள், கண்ணை மூடியபடியே.

"சாமி, உங்களுக்குப் பின்னால நிக்குது. பாருங்க."

"பாக்கறது பாவம்."

நெடுஞ்செவியன் ஒரே தாவலாகத் தாவி அவருடைய காதை நறுக்கென்று கடித்தான். வலியில் கண் திறந்தது. திரும்பியவர் சிறுத்தையைப் பார்த்தார். அவர் போட்ட கூச்சலில் மற்றப் பதினோரு பேரின் பக்தியும் பறந்துவிட்டது. மறைந்து வந்து அடிப்பதுதான் சிறுத்தையின் பிழைப்பு. இத்தனை கண்ணும் ஒரு கிழட்டுப் பன்றியின் கோரைப்பல்லும் ஒன்றாகத் தன்னை நோக்கித் திரும்பியதும், அது வேறெங்கோ வேலை இருப்பதுபோல நடையைக் கட்டியது.

அன்று மூன்று குட்டிகளும் வயிறு முட்டக் குடித்தன. யாரும் தடுக்கவில்லை. பூங்காலி அழுதேவிட்டாள்.

பிறகு நல்ல மழை பெய்தது. சில வருஷங்கள் சுனையின் பக்கமே போக வேண்டியிருக்கவில்லை. அதற்குள் சேற்றடிகள் காலமாகிவிட்டார். மறுபடி ஒரு கோடை காய்ந்தபோது, நெடுஞ்செவியன் புதிய குட்டிகளோடு குகைக்கு வந்தான். வாசலில் காவலுக்கு நின்ற புதுக் கீரி அவனை மறித்தது.

"முறை தெரியுமா? கண்ணை மூடிக்கிட்டு, முன்னால நிக்கறவர் காதைக் கடிச்சு, சிறுத்தைன்னு கத்திட்டுத்தான் உள்ள போகணும். நிலாவிலேருந்து குதிச்ச ஆதிமுயல் வகுத்த முறை."

"அந்த முயல் நான்தாம்ப்பா" என்றான் நெடுஞ்செவியன்.

கீரி அவனை ஏற இறங்கப் பார்த்தது. "ஆதிமுயலுக்குக் கொம்பு உண்டு. உனக்கு எங்க இருக்கு?"

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குட்டிகளின் வறண்ட நாக்கைப் பார்த்தான். முன்னால் நின்ற மானின் காதை வலிக்காமல் கடித்து, "சிறுத்தை!" என்று கத்தினான். வரிசையில் நின்றவர்கள் கண்ணை மூடியபடி மெய்சிலிர்த்தார்கள். அவன் மட்டும் திரும்பி, புல்லையும் புதரையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டு, அதன் பிறகே குட்டிகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பினான்.

எதற்காகச் செய்கிறோம் என்பதை மறந்தவர்களுக்கு, கற்றுக்கொடுத்த பாடமும் கண்ணை மூடிக்கொள்ள இன்னொரு சடங்காகவே போய்ச் சேரும்.