ஓட்டை அடைக்க வந்த பலகை

பெருச்சாளி ஜம்பன் ஒரு தேக்கிலை மூட்டையை உருட்டிக்கொண்டு ஓடைக்கரை மருதமரத்தடிக்கு வந்தபோது வானம் கறுத்திருந்தது.

"வழி விடுங்க, வழி விடுங்க! ஓட்டை அடைப்பு வந்திருக்கு!" என்று கத்தினான்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அணில் வெடுக்கிக்கு மட்டும் மூக்கு அரித்தது. மூட்டை நீளமாக இருந்தது. ஓட்டையோ வட்டம்!

அந்த மருதமரத்தின் வேரடியில் பெரிய பொந்து ஒன்று உண்டு. காட்டின் மழைக்காலத் தீனி முழுவதும் அதற்குள்தான். அது தனியாக யாருக்கும் சொந்தமில்லை. எவரும் அதில் தானியம் வைக்கலாம். அதைச் செப்பனிடும் யோசனையையும் எவரும் கொண்டுவரலாம். கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. முதல் இடி இடிக்கும்வரை புது வேலை எதுவும் செய்து பார்க்கலாம். இடித்துவிட்டால் ஓட்டை அடைப்பது மட்டும்தான். மழை வாசலில் வந்து நிற்கும்போது வீட்டைப் பிரித்துக் கட்டுகிறவர் உண்டா?

இன்னொரு வழக்கமும் இருந்தது. கொண்டுவந்த பொருளைப் பிரித்துப் பார்த்தவர்கள் மூட்டையின்மேல் நகத்தால் ஒரு கீறல் போடுவார்கள். 'நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்று அதற்குப் பொருள்.

இந்த வருஷம் இடி இடித்தாகிவிட்டது. பொந்தின் மேற்குப் பக்கம் ஓட்டை இருந்ததும் உண்மை. முந்தின நாள் தூறலிலேயே தினை நனைந்திருந்தது. அதை அடைக்கப் பசை மிகுந்த களிமண் வேண்டும். அவ்வளவு ஆழம் தோண்டி அதை எடுக்க ஜம்பன் ஒருவனால்தான் முடியும். அந்தத் திமிர் அவன் நடையிலேயே தெரிந்தது.

காவல் தலைவர் முள்ளம்பன்றி மூட்டையைச் சுற்றி வந்தார். "கீறல் நிறைய இருக்கே! அப்புறம் என்ன? உள்ளே கொண்டு போங்க. மழை வருது!"

"கொஞ்சம் பொறுங்க, தலைவரே!" வெடுக்கி வேரிலிருந்து குதித்தாள். "பிரிச்சுப் பார்த்தது யாரு?"

"நான்தான்!" என்றது முயல்.

"உள்ளே என்ன இருக்கு?"

முயலின் காது மடங்கியது. "அது... மைனா அக்கா கீறல் இருந்துச்சு. அவங்க பார்த்திருப்பாங்கன்னு நானும் ஒண்ணு போட்டேன்."

"மைனாக்கா?"

"முயல் கீறல் இருந்துச்சேடி! அவன் நிதானமானவனாச்சே!"

"அவர் உங்களைப் பார்த்துப் போட்டாராம், நீங்க அவரைப் பார்த்துப் போட்டீங்களாம்! அப்போ முதல் கீறல் யாரோடது?"

எல்லாருடைய கண்ணும் மெல்ல ஜம்பனிடம் போனது. அவன் தன் நகங்களை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டான்.

"ஏ வாலு! நேத்துதான் கண்ணு திறந்தே. என்னையே கேள்வி கேக்கிறியா?"

"கண்ணு திறந்திருக்கிறதாலதான் கேக்கிறேன், அண்ணே. மூட்டையைப் பிரிங்க!"

அவன் பிரிக்கவில்லை. வெடுக்கியே பல்லால் கொடியைக் கடித்தாள். தேக்கிலை விரிந்தது. உள்ளே ஒரு களிமண் உருண்டை இருந்தது. கூடவே மருதம்பட்டையில் செய்த நீளமான பலகை ஒன்றும், நாலு முளைக்குச்சிகளும்!

"இடி இடிச்சாச்சே, அண்ணே! இது எந்த ஓட்டையை அடைக்குது?" என்றாள் வெடுக்கி.

ஜம்பன் உருண்டையை இழுத்து அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தான். பிறகு குரலில் தேன் தடவினான்.

"அன்பானவர்களே! தானியம் கொண்டு வந்து எவ்வளவு நேரம் வரிசையிலே நிக்கிறீங்க? எலி சுண்டு ஒவ்வொண்ணா உள் அறைக்கு இழுத்துட்டுப் போய் வைக்கிறான். வச்சிட்டு 'வைத்தாச்சு!'ன்னு கத்துறான். அப்புறம்தான் நீங்க வீட்டுக்குப் போகலாம். அப்பப்பா! கால் கடுக்கலையா? இனி இந்தப் பலகை வாசலுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். பலகையிலே போட்டதுமே சுண்டு 'வைத்தாச்சு!'ன்னு கத்துவான். நீங்க போய்க்கிட்டே இருக்கலாம். அவன் சாவகாசமா உள்ளே எடுத்து வைப்பான்."

"ஆகா!" என்றது கூட்டம். வரிசையில் நின்று நொந்தவர்கள் அல்லவா!

பொந்துக்குள்ளிருந்து சுண்டு தலையை நீட்டினான். "வைக்காமலே வைத்தாச்சுன்னு கத்தணுமா? எனக்கு வாய் கூசாதா?"

"பழகிடும்!" என்றான் ஜம்பன்.

"நடுவிலே காத்து அடிச்சா?" வெடுக்கி விடவில்லை. "பலகை ஓடைக்கு மேலேதானே நீட்டிக்கிட்டு இருக்கும்?"

"என் வளையிலே கோடை முழுக்க வச்சுப் பார்த்தாச்சு. ஒரு மணி விழலை!"

"உங்க வளை மண்ணுக்கடியிலே இருக்கு. அங்கே என்னைக்கு அண்ணே காத்து அடிச்சுது?"

மைனா களுக்கென்று சிரித்தாள். ஜம்பனின் மீசை துடித்தது.

"முடிவாச் சொல்றேன். பலகையும் மண்ணும் சேர்ந்துதான். பலகை வேண்டாம்னா மண்ணும் கிடையாது. ஒழுகட்டும்!"

கூட்டம் கலங்கிப்போனது. முள்ளம்பன்றி வெடுக்கியிடம் குனிந்தார். "ஏம்மா, இந்த ஒரு தடவை விட்டுக் கொடேன். ஓட்டையோட விட்டா எல்லாருடைய தீனியும் ஊறிப் போயிடும்."

"பலகையை விட்டாலும் ஊறித்தான் போகும், தலைவரே! அப்போ 'வைத்தாச்சு'ன்னு நம்பி எல்லாரும் வீட்டிலே தூங்கிக்கிட்டு இருப்போம். ஓட்டையாவது கண்ணுக்குத் தெரியுது!"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் வேண்டாம்தானா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "இவளாலே எல்லாரும் பட்டினி கிடக்கப் போறோம்!" என்றது இன்னொரு குரல்.

கோபத்தில் வெடுக்கியின் வால் புசுபுசுவென்று விரிந்தது. ஏமாற்றியவன் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான், பிரித்துக் காட்டியவள் திட்டு வாங்குகிறாள்! இதெல்லாம் எந்த ஊர் நியாயம்? ஆனால் கத்தினால் காரியம் கெடும். ஜம்பன் மண் உருண்டையின்மேல் அழுத்தமாக உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"சரி, அண்ணே. நானும் கீறல் போடறேன்."

"அப்படி வா வழிக்கு!"

"ஆனா பலகையைக் கண்டுபிடிச்சவருக்குத்தான் முதல் மரியாதை. உங்க தீனிதான் முதல்லே அதிலே ஏறணும்!"

"அதானே முறை!" என்றார் முள்ளம்பன்றி. கூட்டமும் ஆரவாரம் செய்தது.

பாராட்டு கேட்டால் ஜம்பனுக்குக் காது அடைத்துவிடும். முயலை அனுப்பித் தன் வளையிலிருந்த நெற்கதிர்க் கட்டைக் கொண்டுவரச் சொன்னான். வயல் வயலாக அலைந்து மழைக்காலத்துக்கென்று அவன் சேர்த்தது அது. முளை அடித்தார்கள், பலகையை நீட்டினார்கள், கதிர்க்கட்டை அதன்மேல் ஏற்றினார்கள். கீழே ஓடை சுழித்துக்கொண்டு ஓடியது.

"சுண்டு! புது முறைப்படி கத்து!" என்றாள் வெடுக்கி.

"வைத்தாச்சு!" என்று கத்திய சுண்டுவுக்கு அதற்குள் வாய் கூசிவிட்டது.

வெடுக்கி விறுவிறுவென்று மேல் கிளைக்கு ஏறினாள். பலகைக்கு நேர் மேலே நின்று வாலைச் சுருட்டிக்கொண்டாள்.

"என்ன செய்றே?" ஜம்பனின் குரல் மாறியது.

"காத்துக்குப் பதிலா நான் ஒரு குதி குதிக்கப் போறேன். ஒண்ணு... ரெண்டு..."

"அடியே, நில்லு! குதிக்காதே!" ஜம்பன் அலறிக்கொண்டு ஓடினான். வேரில் தாவி, பலகைமேல் பாதி உடம்பைப் போட்டு, கதிர்க்கட்டை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். "இன்னும் உள்ளேயே போகலைடி! ஓடையிலே விழுந்துடும்!"



"வைத்தாச்சுன்னு சொன்னாங்களே, அண்ணே!" என்றாள் வெடுக்கி அப்பாவியாக.

சிரிப்பில் மருத இலைகள் உதிர்ந்தன. அந்தச் சிரிப்பில் ஒன்றை ஜம்பன் கவனிக்கவில்லை. களிமண் உருண்டைமேல் இப்போது யாரும் உட்கார்ந்திருக்கவில்லை! முயல் அதைப் பின்னங்காலால் ஒரு தள்ளு தள்ளியது. சுண்டு உருட்டிக்கொண்டு போய் மேற்குப் பக்கத்து ஓட்டையில் அமுக்கினான்.

"ஐயோ, என் மண்ணு!"

"ஓட்டை அடைப்புன்னு கூவிக்கிட்டு வந்தது நீங்கதானே?" என்றார் முள்ளம்பன்றி. "அடைச்சாச்சு. ரொம்ப நன்றி!"

"இன்னும் இல்லை!" கிளையிலிருந்து இறங்கிய வெடுக்கி மண் அடைப்பை முகர்ந்தாள், சுரண்டினாள், வாய் நிறைய ஓடைத் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் துப்பினாள். முயலையும் மைனாவையும் அதேபோலத் துப்பிப் பார்க்க வைத்தாள். ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. அதன் பிறகே மூவரும் கீறல் போட்டார்கள்.

தூறல் விழத் தொடங்கியது. ஜம்பன் பலகையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு முறைத்தான்.

"உங்க யோசனை ஒண்ணும் மோசமில்லை, அண்ணே," என்றாள் வெடுக்கி. "கோடையிலே கொண்டு வாங்க, காத்திலே வச்சுப் பார்ப்போம். ஆனா அதை ஓட்டை அடைப்புன்னு சொல்லாதீங்க, பலகைன்னே சொல்லுங்க!"

"கோடைக்குப் பார்த்துக்கலாம். முதல்லே என் கதிரை உள்ளே வைக்கச் சொல்லு!" என்று முனகிய ஜம்பன், மழையில் நனைந்துகொண்டே, எல்லாரையும்போல வரிசையில் போய் நின்றான்.

'பார்த்தேன்' என்று கீறல் போடுகிறவர் தன் கண்ணாலேயே பார்த்திருக்க வேண்டும். அவசரம் என்று சொல்லி நீட்டுகிற மூட்டையை மற்ற எதையும்விடக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.