பன்றியைத் தூரத்துக்கு அனுப்பிய குழல்

ஒத்தப்பனைப்பாளையத்தில் புத்திசாலிகளும் இருந்திருக்கலாம். நமக்கு வேண்டியது வெள்ளிங்கிரி, சென்னியப்பன், மாரண்ணன் என்ற மூன்று பங்காளிகள்தான். இவர்கள் வீட்டை ஒட்டினாற்போல் இரண்டு ஏக்கரில் கூட்டாகக் கடலைக்காய் போட்டிருந்தார்கள். வருஷத்துக்கு வேண்டிய எண்ணெய், அடுத்த போகத்து விதை, மாரண்ணன் மகளுக்குக் கல்யாணச் சீர் எல்லாமே அந்த மண்ணுக்கடியில்தான் காய் பிடித்துக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்தால் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். வெள்ளிங்கிரியிடம் லைசென்ஸ் வாங்கிய பழைய ரைபிள் ஒன்று இருந்தது. ஏழு தடவை சுட்டான். ஆறு குண்டு, பறவை விரட்ட நட்டிருந்த பொம்மை மேல் பட்டது. ஏழாவது இன்னும் அகப்படவில்லை.

"நான் என்ன பண்ணட்டும்? பன்னி சின்னதாத் தெரியுது, பொம்மை பெருசாத் தெரியுது" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான்.

அவன் மனைவி ராசாத்திக்குப் பொறுக்கவில்லை. "டவுனுக்குப் போயி துப்பாக்கி மேல மாட்டற குழல் கண்ணாடி ஒண்ணு வாங்கியாங்க. சின்னதா இருக்கோணும், கனமில்லாம இருக்கோணும், வெலயும் கம்மியா இருக்கோணும். நான் எங்கம்மா ஊருக்குப் போயிட்டு வெள்ளிக்கிழம வந்துருவேன். நான் வர்றப்போ ஒரு பன்னி கூடக் கிட்ட நிக்கக் கூடாது, சொல்லிப்போட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மூன்று பேரும் டவுன் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் முழங்கை நீளத்துக்கு ஒரு குழலை எடுத்து வைத்து, "இது பத்து மடங்கு பெருசாக் காட்டும்" என்றார்.

மூவரும் வெளியே போய் நின்று ஆலோசனை செய்தார்கள்.

"ஏப்பா, பத்து மடங்குப் பன்னின்னா ஆனையாட்டம் ஆயிருமே! அத ஆரு வெரட்டறது?" என்றான் சென்னியப்பன்.

"வெரட்டறது கெடக்கட்டும். தின்னறதும் பத்து மடங்கு தின்னுமே!" என்று மாரண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். மகள் கல்யாணம் அவன் கண் முன்னால் வந்து போயிற்று.

உள்ளே திரும்பி, "பன்னிய இத்தன பெருசா வளக்காத குழல் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்கள்.

கடைக்காரர் இப்படிப்பட்டவர்களை ரொம்பப் பார்த்தவர். ஒரு சாண் நீளத்தில் வேறொன்றை எடுத்தார். "கைக்கு அடக்கமானது. வெலயும் கம்மி. மூணு மடங்குதான் காட்டும். எட்ட நிக்கறது கிட்ட வந்துரும்."

வெள்ளிங்கிரி அதைக் கண்ணில் வைத்து எதிர்ச்சாரியில் கட்டியிருந்த எருமையைப் பார்த்தான். "ஐயோ, முட்ட வருது!" என்று அலறிக் குழலைப் போட்டுவிட்டு மேசைக்கடியில் புகுந்தான். உருண்டு வந்த குழலைச் சென்னியப்பன் எடுத்து, பெரிய முனையில் கண்ணை வைத்தான்.

"எந்திரிடா வெள்ளிங்கிரி! எரும ஓடிப்போயிருச்சு. அதா, எலிக்குஞ்சாட்டம் எங்கியோ நிக்குது!"

மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். ராசாத்தி கேட்டது இதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மாரண்ணன் விலை பேசினான்.

"தொரத்தற பக்கம் மட்டும் குடுங்க, போதும். கூப்பிடற பக்கத்த நீங்களே வெச்சுக்குங்க. பாதி வெல போட்டுக்குங்க."

"ரெண்டு பக்கமும் சேந்துதான் குழலு. அந்தப் பக்கம் சும்மா வர்றதுன்னு நெனச்சுக்குங்க."

"ஓசியா வந்தாலும் பன்னி வருமேங்க!" என்றான் மாரண்ணன். கடைசியில் சின்ன முனையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, அந்தப் பக்கம் கண் வைப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு முழு விலைக்கே வாங்கினார்கள்.

அன்று சாயங்காலம் ரைபிளில் குழலைப் பின்முன்னாக மாட்டிக் காத்திருந்தார்கள். பன்றிகள் வந்தன. வெள்ளிங்கிரி குறி வைத்தான்.

"அட சாமி! பாத்த ஒடனே மலைக்கு அந்தாண்ட போயிருச்சுங்க!"

"அப்பறம் எதுக்குக் குண்டு? மிச்சம் பண்ணு" என்றான் சென்னியப்பன்.

மாரண்ணனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "நறுக்கு நறுக்குன்னு கடிக்கற சத்தம் காதுக்குள்ளயே கேக்குதே?"

சென்னியப்பன் அதற்கும் காரணம் கண்டுபிடித்தான். "அது போறதுக்கு முன்னால கடிச்ச சத்தம். பன்னி வெரசாப் போயிருச்சு. சத்தம் மெதுவாத்தான போவும்?"

எல்லோருக்கும் மனசு லேசாயிற்று. மூன்று சாயங்காலம் இப்படியே விரட்டினார்கள். நான்காம் நாள் காலை வெளிச்சத்தில் மாரண்ணன் குழலில் பார்த்துவிட்டுக் கண் கலங்கினான்.

"எந்தப் பாவப்பட்டவன் காடோ தெரியல. கடலச்செடி ஒண்ணு விடாமக் கவுத்துப் போட்டுக் கெடக்குது. நாம தொரத்துன பன்னிதான் அங்க போயி மேஞ்சிருக்கு. அவனுக்கும் ஒரு மக இருப்பாளே!"

இதைக் கேட்டு மற்ற இருவரும் அழுதார்கள். முட்டாள்கள்தான், ஆனால் ஈரமுள்ளவர்கள். அந்த ஊர்க்காரனுக்கே குழலைக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. குழலில் தூரம் பார்த்தால் நாலு நாள் நடை. புளிச்சோறு கட்டிக்கொண்டு, மாட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள். பத்தாவது அடியில் கடலைக்காட்டுக்குள் நின்றார்கள்.

"நாலு நாள் நடைய இத்தன வெரசா முடிச்சுட்டமே!" என்று சென்னியப்பன் தன் காலைத் தடவிப் பார்த்தான். காட்டுக்காரனைத் தேடினார்கள்; யாரையும் காணோம். வெள்ளிங்கிரி வந்த வழியைக் குழலில் திரும்பிப் பார்த்தான். வீடு தீப்பெட்டி போலத் தெரிந்தது. "திரும்பியும் நாலு நாள் நடக்கோணுமே!" என்றான். மூவரும் சோற்று மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கிய ராசாத்தி, பையைக்கூட வீட்டுக்குள் வைக்காமல் ஓடி வந்தாள். கவிழ்ந்து கிடந்த செடிகளைப் பார்த்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்தாள்.

"அட பாவிகளா! காடு பூராப் போச்சே! இனி அந்தப் புள்ள கல்யாணத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று புருஷன் காதைப் பிடித்துத் திருகினாள்.

எங்கிருந்தோ மனைவியின் குரல் வருகிறதே என்று வெள்ளிங்கிரி குழலைக் கண்ணில் வைத்தான். வெகு தூரத்தில், கடுகளவு ராசாத்தி நின்றுகொண்டிருந்தாள். பார்த்த சந்தோஷத்தில் கையைத் தூக்கி ஆட்டினான். அவளுக்குக் கேட்கவேண்டுமே என்று, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்துக் கத்தினான்.

"ராசாத்தீ! அழுவாத புள்ள! நாங்க வந்து சேர நாலு நாளாவும்! வந்ததும் கல்யாணத்துக்கு உங்கிட்டயே யோசன கேக்கறோம்! இங்க எவனோ என் காதப் புடிச்சுத் திருகறான், அவன வெலக்கிப்போட்டுக் கெளம்பறேன்!"