கன்பெய் தேடிய மணம்

"இதுலயும் இல்லம்மா," என்றார் கன்பெய். தூபக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

எதிரே குரு ஷிசுனோ. சீடர் கன்பெய்யைவிடப் பதினைந்து வயது இளையவர். சகாய் துறைமுகத்தில் தூபக் கலை சொல்லிக் கொடுப்பவர்.

அவருடைய தூபத்தில் புகை வராது. சாம்பலுக்குள் ஒரு நெருப்புக் கங்கைப் புதைப்பார். மேலே கண்ணாடி போன்ற மெல்லிய அப்பிரகத் தகடு. தகட்டின் மேல் அரிசி அளவு அகில் துண்டு. துண்டு எரியக் கூடாது, சூடேற வேண்டும். கிண்ணத்தை முகத்தருகே ஏந்தி மூன்று மூச்சு. அதை முகர்வது என்று அங்கே சொல்ல மாட்டார்கள். மணத்தைக் 'கேட்பது' என்பார்கள்.

கன்பெய் மூன்று வருடமாகக் கேட்கிறார். கலையில் ஆர்வம் எல்லாம் ஒன்றும் கிடையாது. இறந்துபோன மனைவி சயோவின் உடுப்பில் இருந்த மணம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். கப்பலில் வந்த அகில், சந்தனம், கிராம்பு எல்லாம் பார்த்தாயிற்று.

இன்று கொண்டுவந்தது சயோவின் பெட்டியில் கிடந்த கடைசித் துண்டு.

"அவளோடதுலயே அவ இல்லன்னா, நான் வேற எங்க போய்த் தேடுவேன்?"

குரு கிண்ணத்துச் சாம்பலைக் குச்சியால் நிரவினார். கன்பெய் தொடர்ந்தார்.

"இன்னமும் ரெண்டு பேருக்குத்தான் சோறு வடிக்கிறேன். கை அப்படியே பழகிப்போச்சு. மிச்சத்தைக் காலையில நானே திங்கிறேன். மழை வந்தா 'மழை வருது'ன்னு சொல்றேன். கேக்க ஆளில்ல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இந்த அகில் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டார் குரு.

"நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

"ஆசையாவா?"

கன்பெய் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. அவளுக்குத் துறைமுகத்துல மீனுக்கு உப்புப் போடற வேலை. சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காந்தா ஒரே வீச்சம். நானோ ஊராருக்குக் கடிதம் எழுதித் தர்றவன். பெரிய மனுஷங்க வீட்டுக்கு வருவாங்க. மூஞ்சியச் சுளிச்சேன். துணிக்கு இதோட வாசத்தை ஏத்திக் கட்டிக்கோன்னு சொன்னேன்."

"கட்டிக்கிட்டாங்களா?"

"தினமும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல."

"வீச்சம் போச்சா?"

"எங்க போகும்? விரல்லயும் தலைமுடியிலயும் ஊறிப்போனது."

குரு கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. எழுந்தார்.

அந்த அறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பூண்டு தின்றவர், மீன் தொட்டவர், தலையில் எண்ணெய் மணக்க வந்தவர் யாராயிருந்தாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். போன மாதம்கூட ஒரு நிலப்பிரபுவைத் திருப்பி அனுப்பியிருந்தார். மனுஷி இந்த விஷயத்தில் யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்க மாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் சமையலறைப் பக்கத்துக் கதவை முழுசாகத் தள்ளித் திறந்தார்.

அங்கே சமையல்காரி ஒரு கூடை மத்தி மீனை உப்பில் புரட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததைப் பார்த்துப் பயந்தே போனாள்.

"மூடணுமா அம்மா?"

"நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

வாடை குபுகுபுவென்று உள்ளே வந்தது.

கன்பெய் பதறிப் போனார். "அம்மா, தூப அறைக்குள்ள மீன் வாடையா!"

"கிண்ணத்தை எடுங்க," என்றார் குரு.

எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு மூச்சு.

இரண்டாவது மூச்சு பாதியில் நின்றது. கிண்ணம் சாய்ந்தது. சாம்பல் கொஞ்சம் மடியில் கொட்டியது. அவர் அதைத் தட்டவில்லை.

குரு கதவருகிலேயே நின்றார்.

"சாத்திடட்டுமா?"

"வேண்டாம்மா," என்றார் கன்பெய். "வேலை முடிஞ்சு இப்பத்தான் வந்திருக்கா."