முப்பது நாளும் வெள்ளை

"முப்பது நாள். முழுக்க வெள்ளை!" அமைச்சர் மருதப்பர் பிரம்பால் பலகையைத் தட்டினார். "இந்தச் சடையனை இன்றே துரத்துங்கள் மகாராஜா."

அரண்மனையில் தீ பிடித்தால் அணைக்க வேண்டியவன் சடையன். நாற்பது பானையில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். பதினோரு வருஷமாகத் தீயே பிடிக்கவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு.

பலகை மருதப்பர் மூளையில் உதித்தது. தேக்கில் செய்து தர்பார் சுவர் முழுக்க மாட்டியிருந்தார். ஆளுக்கு ஒரு வரிசை, நாழிகைக்கு ஒரு கட்டம். வேலை செய்தால் பச்சை. அரட்டை அடித்தால் மஞ்சள். சும்மா இருந்தால் வெள்ளை. சாயச் சட்டியோடு ஆறு பேர் சுற்றிச் சுற்றி, யார் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள். ராஜா எழுந்ததும் முதலில் பலகையைத்தான் பார்ப்பார். நாட்டைப் பார்ப்பது அப்புறம், நேரமிருந்தால்.

"தீ பிடிச்சாத்தானே சாமி அணைக்க முடியும்?" சடையன் அழாத குறை. "மூணு பொம்பளப் புள்ளைங்க இருக்குங்க. எங்க போவேன்?"

"நிரம்பிய பானைக்குக் காவல் இருப்பது ஒரு வேலையா?" என்றார் மருதப்பர்.

செவந்தியப்பன் எழுந்தான். அந்தச் சபையில் ராஜாவிடம் பயப்படாமல் பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

"ஒரு நாள் கொடுங்கள் மகாராஜா. சடையன் வரிசையைப் பச்சையாக்க வழி பார்க்கிறேன்."

"சரி," என்றார் ராஜா. "நாளைப் பொழுது சாய்வதற்குள் பலகையில் ஒரு வெள்ளை வரிசைகூட இருக்கக் கூடாது. இருந்தால் அந்த ஆளுக்கு வேலை போச்சு. எப்படி என்பது உன் பாடு."

"உத்தரவு."

விடிந்ததும் வைத்தியர் பெரிய செம்பில் பேதி மருந்தோடு ராஜா முன்னால் வந்து நின்றார்.

"எனக்கு என்ன நோய்?"

"ஒன்றுமில்லை மகாராஜா. என் வரிசைதான் வெள்ளை. பச்சையாக்கியே தீர வேண்டும் என்பது உங்கள் உத்தரவாம். செவந்தியப்பன் சொன்னான்."

சொந்த உத்தரவை எப்படி மீறுவது? ராஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ஏழு தடவை கொல்லைக்கு ஓடினார்.

எட்டாவது தடவை ஓடும்போது போர்முரசு அதிர்ந்தது. ஊரே கதவைச் சாத்தியது. ராணி நகைப்பெட்டியோடு கட்டிலுக்கடியில் புகுந்தாள். தளபதி ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார்.

"எதிரி எங்கேடா?"

"எதிரியெல்லாம் வரலீங்க," என்றான் முரசடிக்கிறவன். "ஒரு மாசமா என் வரிசை வெள்ளையா கெடக்குங்க."

சாயங்காலம் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தர்பாருக்கு வந்தார். மருதப்பருக்கு முகமெல்லாம் பல்.

"பாருங்கள் மகாராஜா! இவ்வளவு பச்சையை நாம் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு வரிசைதான் பாக்கி!"

அப்போது செவந்தியப்பன் எரிகிற தீப்பந்தத்தோடு உள்ளே வந்தான். பின்னால் இரண்டு பானையோடு சடையன்.

"எந்த இடம் மகாராஜா? உங்கள் படுக்கையறையா, நெற்களஞ்சியமா?"

"எதற்கு?"

"பற்ற வைக்கத்தான். சடையன் வரிசை பச்சையாக வேண்டாமா? பொழுது சாயப்போகிறது, சட்டென்று சொல்லுங்கள்."

ராஜா பந்தத்தைப் பார்த்தார். மருதப்பரைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். வயிறு வலித்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சடையன் சும்மாவே இருக்கட்டும். ஆயுசு முழுக்க இருக்கட்டும். அவனுக்கு வேலை வைக்கிறவனைத்தான் இனி துரத்துவேன். செவந்தியப்பா, பந்தம் கையில்தானே இருக்கிறது? அந்தப் பலகையைக் கொளுத்து!"

செவந்தியப்பன் பந்தத்தைப் பானைத் தண்ணீரில் முக்கினான்.

"மன்னிக்கணும் மகாராஜா. கொளுத்தினால் சடையனுக்கு வேலை வந்துவிடும்."