வளர்ந்த புறாவைக் கொடுத்தவன்

புறாப் பந்தயம் விடுகிறவர்கள் வளர்ந்த புறாவை யாருக்கும் கொடுப்பதில்லை, குஞ்சைத்தான் கொடுப்பார்கள். வளர்ந்தது எங்கே கொண்டுபோய் விட்டாலும் பழகிய கூண்டுக்கே திரும்பிவிடும். தண்டையார்பேட்டையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பந்தயக்காரன் ஏழுமலை மூன்று மாதமாக ஆளே மாறிப்போயிருந்தான். விடியுமுன் விழித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும். புறாக்களுக்குத் தண்ணீர் வைக்கக்கூட மாடி ஏறுவதில்லை. மனைவி தேன்மொழி, உடம்புச் சோர்வென்று கஷாயம் வைத்தாள். அண்ணன் ரங்கநாதன், காத்து கருப்பு என்று முடிவுகட்டித் தாயத்துக் கட்டினான். சும்மா சொல்லக்கூடாது, அந்த வீட்டில் ஏதோ ஒன்று குடியேறித்தான் இருந்தது.

ஒருநாள் மாலை ஏழுமலை சிரித்த முகமாய்ச் சினேகிதன் தாவூதின் வீட்டுக்கு வந்தான். நாலு பந்தயம் ஜெயித்த சாம்பல் பெட்டைப் புறாவைக் கையில் கொடுத்தான்.

"இத்த நீயே வச்சிக்க பாய். றெக்கையக் கட்டி வை. திரும்பி வந்தா கூண்டத் தொறக்க ஆளிருக்காது."

"ஏன், எங்க போற?"

"எங்கயும் இல்ல. யாராண்டயும் சொல்லாத. இது மேல சத்தியம் பண்ணு."

தாவூதும் பண்ணிவிட்டான். ஏழுமலை படியிறங்கிப் போன பிறகுதான் அந்தப் பேச்சு அவனுக்கு உறைத்தது. புறா மேல் செய்த சத்தியத்தை மீறினால் அது கூண்டு திரும்பாது என்று நம்புகிறவன் அவன். ஆனாலும் புறாவோடு பின்னாலேயே ஓடினான்.

ஏழுமலை வீட்டு வாசலில் தேன்மொழி, "இன்னிக்குத்தான் பாய் நல்லா சாப்ட்டு சிரிச்சாரு," என்றாள்.

"தாயத்து வேல செய்யுது," என்றான் ரங்கநாதன்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கத் தாவூதுக்கு மனசே இல்லை. இருந்தும் நடந்ததைச் சொன்னான். உள்ளே போய் ஏழுமலையிடம் நேராகவே கேட்டான்: "செத்துடலாம்னு நெனைக்கிறியா?"

ஏழுமலை தரையைப் பார்த்தான். "சத்தியம் பண்ணியே பாய்," என்றான்.

மூவருமே ஏழுமலைமேல் உயிரை வைத்தவர்கள். சொல்லுங்கள்: நோயின் அடையாளத்தைக் கண்டுகொண்டது யார்? சத்தியத்தை மீறியது சரியா?

விடை: தூக்கமும் பசியும் போனதைத் தேன்மொழியும் ரங்கநாதனும் பார்த்தார்கள், மனச்சோர்வு நோய்க்குப் பேர்தான் வேறு வைத்தார்கள். திடீரென்று வந்த சிரிப்பையும் கைமாறிய புறாவையும் சேர்த்துப் பார்த்துப் பயந்தவன் தாவூது. உயிரைக் காவு கேட்கிற சத்தியம் சத்தியமே இல்லை. அன்றிரவு ஏழுமலையை ஒருவரும் தனியே விடவில்லை. மறுநாள் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். இரண்டு மாதம் அவன் தாவூதோடு பேசவில்லை. பிறகொரு காலையில், தாவூது கட்டவிழ்த்துவிட்ட சாம்பல் பெட்டை பழைய கூண்டு வாசலில் வந்து இறங்கியது. திறந்துவிட ஏழுமலை மாடியில் இருந்தான்.